முனிவர் கொடுக்காத மாங்கனி

ஒரே ஓர் ஊரில் ஓர் அரசன் இருந்தான். அவனிடம் எல்லாச் செல்வமும் இருந்தன, பிள்ளைச் செல்வம் மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் பாட்டிமாரிடம் கதை கேட்டு வளர்ந்த எவருக்கும் பழகிப்போன தொடக்கம் இது. அரசன் காட்டுக்குப் போவான். தவம் செய்யும் முனிவர் ஒருவரைக் காண்பான். முனிவர் மனமிரங்கி ஒரு மாங்கனியைக் கொடுப்பார். அரசி அதை உண்பாள். பத்தாம் மாதம் இளவரசன் பிறப்பான். உண்மையான கதை அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

இக்கதைகளில் பிள்ளையின்மை என்பது வெறும் வாசற்படி. கேட்கும் குழந்தைகள் அதைத் தாண்டிக் குதித்து உள்ளே ஓடிவிடுகிறார்கள். இளவரசனின் குதிரையும் வாளும், ஏழு கடலுக்கு அப்பால் உள்ள கிளியும் அங்கே அவர்களுக்காகக் காத்திருக்கின்றன. ஆயினும் அப்படி ஓடிய குழந்தைகளுள் சிலர், இருபது ஆண்டுகள் கழித்து அதே வாசற்படிக்குத் திரும்பி வந்து, உள்ளே செல்ல வழியின்றி நிற்க நேரிடுகிறது. மாங்கனி கிடைக்காத அரசி அதன்பின் எப்படி வாழ்ந்தாள் என்பதை அவர்களுக்கு எந்தப் பாட்டியும் சொல்லியிருக்கவில்லை.

நாங்கள் அந்த வாசற்படியில் நின்றவர்கள். திருச்சி மாநகரின் கிழக்கே, தஞ்சாவூர்ச் சாலையை ஒட்டிய அரியமங்கலத்தில் வாழும் தம்பதியர். திருமணமாகிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. எங்களுக்குக் குழந்தை இல்லை. சில ஆண்டுகளாகப் பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையிலான இளையோர்க்கென ஒரு மாயக்கதை நாவலை இருவரும் சேர்ந்து எழுதி வருகிறோம். அதன் இறுதி அதிகாரத்தை எழுத அமர்ந்தபோது ஒரு வினா எங்கள்முன் எழுந்தது. மாயக்கதையில் எழுதுபவருக்கு எல்லா அதிகாரமும் உண்டு. ஆற்றைப் பேச வைக்கலாம். மலையை நடக்க வைக்கலாம். அப்படியிருக்க, கதையில் வரும் பிள்ளையில்லாப் பெண்ணுக்கு ஒரு பிள்ளையைக் கொடுப்பது அறமா, கொடாதிருப்பது அறமா?

இதை வெறும் எழுத்துக்கலை பற்றிய வினாவாக நாங்கள் கருதவில்லை. பிள்ளை என்பவர் யார், கொடை என்பது யாது, துயருற்றோர்க்கு நாம் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுப்பதாகச் சொல்லக்கூடாது என்னும் வினாக்கள் இதனுள் அடங்கியிருக்கின்றன. அதனால்தான் இதை வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம்.

இளையோர்க்கு ஏன்?

பிள்ளையின்மை பெரியவர்களின் துன்பம். அதை ஏன் பள்ளிப் பிள்ளைகளின் தலையில் ஏற்ற வேண்டும் என்று கேட்போர் உண்டு. உலக நல நிறுவனம் 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு காலத்தில் குழந்தைப்பேறின்மையைச் சந்திக்கிறார். நாற்பது பேர் அமர்ந்திருக்கும் ஒரு வகுப்பறையை எண்ணிப் பார்ப்போம். அவர்களுள் ஆறு அல்லது ஏழு பேர் ஒருநாள் அந்த வாசற்படிக்கு வரக்கூடும். எஞ்சியோர் அவர்களுக்கு அண்டை வீட்டாராக, நாத்தனாராக, மாமியாராக, பங்கு மக்களாக இருப்பர். இவ்விரு சாராரும் இன்று ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். இருவரிடமும் பேசுவதற்கு இதைவிட ஏற்ற காலம் வேறில்லை.

மேலும், கடுஞ்சொற்களை நாம் கற்றுக்கொள்வது அந்த வயதில்தான். 'மலடி' என்னும் சொல்லை எந்தப் பாடநூலும் கற்பிப்பதில்லை. தண்ணீர்க் குழாயடியில், திருமணப் பந்தலில், பேருந்தில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசும்போது பிள்ளைகள் அதைக் கற்கிறார்கள். 'மலடன்' என்றொரு சொல்லும் அகராதியில் உண்டு. அது நாவில் வருவது அரிது. குறை ஆணிடம் இருக்கலாம், பெண்ணிடம் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம், காரணம் புலப்படாமலும் போகலாம் என்று மருத்துவம் சொல்கிறது. நம் மொழியோ மருத்துவர் வாய் திறக்குமுன்பே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

சொற்களைவிட ஆழமாக வெட்டுவது ஒன்று உண்டு, அது பெயர். நம் தெருக்களிலும் பங்குகளிலும் பெண்களைப் பிள்ளையின் பெயரோடு சேர்த்து 'ஆரோக்கியம் அம்மா', 'ஸ்டெல்லா அம்மா' என்று அழைப்பது வழக்கம். முதற்பிள்ளை பிறந்த அன்றே தாய்க்கும் ஒரு புதுப்பெயர் பிறக்கிறது. பிள்ளையில்லாப் பெண்ணுக்கு அப்பெயர் வருவதில்லை. இளமையில் அழைத்த சொந்தப் பெயரை வயது ஏற ஏற அழைக்கக் கூச்சப்படுகிறார்கள். கடைசியில் அவள் 'அந்த மாடி வீட்டக்கா' ஆகிறாள். வேலை பார்ப்பவளானால் 'டீச்சர்' ஆகிறாள். யாரும் தீய எண்ணத்தோடு செய்வதில்லை. ஆயினும் ஒரு மனுஷியின் பெயர் அவளிடமிருந்து நழுவிப் போய்விடுகிறது.

மாயக்கதை ஏன்?

நடப்பை நடந்தபடியே எழுதலாமே என்பர் சிலர். நடப்பை எழுதினால் அது எங்கள் கதையாகிவிடும். படிக்கும் பிள்ளை எங்களைப் பார்த்து இரங்க வேண்டியிருக்கும். இளையோரிடம் இரக்கத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை எங்களுக்கு இல்லை. மாயக்கதையிலோ படிப்பவர் தம் விருப்பப்படி நுழைகிறார், தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார், எழுதியவரை மறந்துவிடுகிறார். அந்த மறதி எங்களுக்கு வேண்டும்.

தமிழ்க் கத்தோலிக்கருக்குக் கற்பனைக் கதை அந்நியமானதன்று. ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர், தேம்பாவணி பாடிய அதே கையால் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். ஆறு தூங்குகிறதா என்று பார்த்துக் கடக்கும் குருவையும் சீடர்களையும் படைத்ததால் அவருடைய துறவுக்கு யாதொரு குறையும் நேர்ந்துவிடவில்லை.

எங்கள் கதைக்குக் களம் தேடி நாங்கள் தொலைவு செல்லவில்லை. அரியமங்கலம் என்றால் திருச்சி மக்களின் நினைவுக்கு உடனே வருவது மாநகராட்சியின் குப்பைக் கிடங்குதான். பல பத்தாண்டுகளாக இந்நகரம் வேண்டாமென்று எறிந்தவையெல்லாம் நாற்பது ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் மலையாகக் குவிந்தன. கோடையில் அது தீப்பற்றினால் புகை சுற்றியுள்ள தெருக்களுக்குள் புகுந்துவிடும். சாளரங்களை மூடிவிட்டு உறங்குவோம். அண்மை ஆண்டுகளில் பயோமைனிங் என்னும் முறையில் அம்மலையை வெட்டி, இயந்திரச் சல்லடைகளில் சலித்து, மண்ணை வேறாகவும் பிளாஸ்டிக்கை வேறாகவும் பிரிக்கும் பணி நடந்தது. எறிந்த குப்பைக்குள் இத்தனை மண் இருந்ததா என்று வியந்தோம்.

எங்கள் நாவலில் அம்மலை, ஊரார் எறிந்த பொருள்களோடு அவர்கள் பயன்படுத்தாமல் விட்ட பெயர்களையும் விழுங்கிச் சேர்த்துவைக்கும் மலை. ஒருநாள் அதன் பசி அடங்காமல் போகிறது. ஊரிலுள்ள குழந்தைகளின் பெயர்களையெல்லாம் அது ஒரே இரவில் விழுங்கிவிட, மறுநாள் மாலை தாய்மார்கள் பிள்ளைகளை வீட்டுக்கு அழைக்க வாயெடுத்து, அழைக்கப் பெயரின்றித் திகைத்து நிற்கிறார்கள். பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி பெயர்களை மீட்டுவர மலைக்குள் இறங்குகிறாள். அவளோடு துணைக்கு வருபவள், சல்லடை பின்னிப் பிழைக்கும் பிள்ளையில்லாப் பெண். மலையின் நடுவே, யாரோ எறிந்த மாங்கொட்டையிலிருந்து முளைத்த ஒரு மாமரம் நிற்கிறது. அதில் ஒரு கனி பழுக்கும், அதை உண்பவள் தாயாவாள் என்பது ஊர்ப் பேச்சு. பெண் மரத்தடியை அடைகிறாள். அங்கேதான் எங்கள் எழுதுகோல் நின்றது.

கொடுக்கலாம் என்னும் வாதம்

எங்களில் கணவர் கனியைக் கொடுத்துவிட வேண்டும் என்றார். அவர் சொன்னவை எளிதில் தள்ளத்தக்கவை அல்ல.

விவிலியத்தைத் திறந்து பாருங்கள், சாராவுக்கு ஈசாக்கு, ரெபேக்காவுக்கு இரட்டையர், ராகேலுக்கு யோசேப்பு, மனோவாகின் மனைவிக்குச் சிம்சோன், அன்னாவுக்குச் சாமுவேல், எலிசபெத்துக்குத் திருமுழுக்கு யோவான் என்று ஒவ்வொரு கருவும் திறக்கப்படுகிறதே, கடவுளே அப்படிக் கதை சொல்லும்போது நாம் கைகளை மூடிக்கொள்வது எவ்வாறு தகும் என்று கேட்டார். வேளாங்கண்ணியில் சிறு மரத்தொட்டில்களைக் கட்டிச் செல்லும் தம்பதியரின் நம்பிக்கையை ஒரு கதை ஏன் பறிக்க வேண்டும் என்றும் கேட்டார்.

ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிசையும் அவர் துணைக்கு அழைத்தார். லூயிஸ் 1908-ஆம் ஆண்டு, தம் பத்தாம் பிறந்தநாளுக்கு முன்பே புற்றுநோய்க்குத் தாயைப் பறிகொடுத்தவர். தாய் பிழைக்க வேண்டுமென்று அந்தச் சிறுவன் வேண்டினான், அவர் பிழைக்கவில்லை. நார்னியா என்னும் மாயநாட்டைப் பற்றி அவர் 1950 முதல் 1956 வரை ஏழு நூல்களை வெளியிட்டார். 1955-இல் வந்த ஆறாம் நூலில், சாகக் கிடக்கும் தாய்க்காக ஒரு சிறுவன் மாய ஆப்பிளைக் கொண்டுவருகிறான், தாய் பிழைக்கிறார். அதே 1955-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் தம் தாயின் இறப்பை உள்ளபடியே எழுதினார். வாழ்வு மறுத்ததைக் கதை கொடுத்தது; ஆனால் வாழ்வு மறுத்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. நாமும் அப்படியே செய்யலாம் என்பது கணவரின் வாதம்.

கொடுக்கலாகாது என்னும் வாதம்

எங்களில் மனைவி மறுத்தார். லூயிசின் சிறுவன் கேட்டது ஏற்கெனவே தன்னிடம் இருந்த ஒருவரின் உயிரை. அதைக் கேட்பதற்காக அவனை யாரும் குற்றவாளியாக்கவில்லை; கிடைக்காமற்போயிருந்தாலும் அவனை யாரும் தகுதியற்றவன் என்றிருக்க மாட்டார்கள். பிள்ளையில்லாதவரின் நிலை வேறு. நம் ஊரில் பிள்ளைப்பேறு புண்ணியத்தின் கூலியாகவும், பிள்ளையின்மை பாவத்தின் சம்பளமாகவும் எண்ணப்படுகின்றன. இந்நிலையில் நல்லவளான ஒரு பெண்ணுக்குக் கதையின் முடிவில் பிள்ளை பிறந்தால், படிக்கும் இளம் உள்ளம் கற்பது ஒன்றே: நல்லவர்க்குக் கிடைக்கும். அதன் மறுபக்கத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிடைக்காதவள் நல்லவள் அல்லள் என்று அது தானே கற்றுக்கொள்ளும்.

குழந்தை நமக்குத் தரப்பட வேண்டிய கடனன்று, கொடை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதிக்கிறது. பிள்ளையை உரிமைப் பொருளாக்கும் மனப்பாங்கினின்று நம்மைக் காக்கும் உயர்ந்த போதனை அது. ஆனால் கொடை என்னும் சொல் நம் வாயில் மெல்ல மெல்லப் பரிசு என்னும் பொருளை ஏற்றுக்கொள்கிறது. கொடை, கொடுப்பவரின் அன்பைச் சொல்கிறது. பரிசு, பெறுபவரின் தகுதியைச் சொல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமை மறைந்தால் ஆறுதலாக வந்த போதனையே பழிச்சொல்லாகிவிடும்.

லூக்கா நற்செய்தியாளர் இவ்வேற்றுமையைக் காத்த விதம் நுட்பமானது. செக்கரியாவும் எலிசபெத்தும் கடவுள்முன் நேர்மையாளர்களாய்க் குற்றமற்று வாழ்ந்தார்கள் என்று முதல் அதிகாரத்தின் ஆறாம் வசனத்திலேயே சொல்லிவிடுகிறார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்பது ஏழாம் வசனத்தில்தான் வருகிறது. ஊரார் ஏழாம் வசனத்திலிருந்து ஆறாம் வசனத்தை ஊகிப்பார்கள் என்பதை அறிந்தவர்போல், அவர் ஆறாம் வசனத்தை முதலில் எழுதி முத்திரையிடுகிறார். யோவான் நற்செய்தியில், பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அக்கணக்கையே இயேசு தள்ளிவிட்டார்.

அன்னை மரியாவின் பெற்றோரான சுவக்கின், அன்னா பற்றிய மரபும் இதையே காட்டுகிறது. ஜூலை 26-ஆம் நாள் நாம் விழாக் கொண்டாடும் இவ்விருவரின் பெயர்கள் விவிலியத்தில் இல்லை. யாக்கோபின் பெயரால் வழங்கும் இரண்டாம் நூற்றாண்டு நூல் ஒன்றிலிருந்து நமக்கு வந்தவை. அந்நூலில் சுவக்கின் காணிக்கையோடு வரும்போது, இஸ்ரயேலில் சந்ததி இல்லாதவன் முதலில் காணிக்கை செலுத்தலாகாது என்று ஒருவர் தடுக்கிறார். சுவக்கின் மனைவியிடமும் சொல்லாமல் பாலைநிலத்துக்குப் போய்விடுகிறார். அன்னா தோட்டத்தில் ஒரு மரத்தடியில் அமர்ந்து, கிளையிலிருந்த குருவிக்கூட்டைக் கண்டு, பறவைக்கும் விலங்குக்கும் மண்ணுக்கும் உள்ள வளம் தனக்கில்லையே என்று அழுகிறார். அதை எழுதியவர் யாரென்று உலகுக்குத் தெரியாது. ஆனால் காணிக்கைத் தட்டோடு திருப்பி அனுப்பப்பட்டவரின் முகமும், குருவிக்கூட்டைப் பார்க்கச் சகியாத பெண்ணின் கண்ணும் அவருக்குத் தெரிந்திருந்தன. அந்நூலிலும் முடிவில் பிள்ளை பிறக்கிறது. மீட்பின் வரலாற்றில் பிறந்தாக வேண்டிய பிள்ளை அது. நம் தெருவில் உள்ள அன்னாவின் கதைக்கு அம்முடிவை நாம் எப்படி வாக்களிப்பது?

பிள்ளை எதற்கும் மருந்தன்று

மனைவியின் வாதத்தில் இன்னொன்றும் இருந்தது. கதையில் பிறக்கும் அப்பிள்ளையின் நிலை என்ன? தாயின் கண்ணீரைத் துடைப்பதற்காகவே அது பிறக்கிறது. பிறக்கும்போதே ஒரு வேலை அதன் தோளில் ஏற்றப்படுகிறது.

ஒரு பிள்ளையின்மீது அத்தகைய சுமை ஏற்றப்பட்ட வரலாறு நம் திருச்சியிலேயே உண்டு. ராணி மங்கம்மாளின் பேரனான விசயரங்க சொக்கநாத நாயக்கர் 1732-இல் ஆண் வாரிசின்றி இறந்தார். அரசி மீனாட்சி ஆட்சியை ஏற்று, உறவினரான பங்காரு திருமலையின் மகனைத் தத்தெடுத்தார். அந்தச் சிறுவனுக்கு அன்பு கிடைத்ததா என்று வரலாறு பேசவில்லை. அரியணைக்கு ஒரு பெயர் கிடைத்தது என்று மட்டும் பேசுகிறது. விரைவில் பங்காரு திருமலையே அரசுரிமை கோரி எதிர்நின்றார். பூசலுக்கிடையே சந்தா சாகிபு நுழைந்தார். சில ஆண்டுகளுக்குள் நாயக்கர் ஆட்சி முடிந்தது. அரசி நஞ்சுண்டு மாண்டார் என்பர். பிள்ளையை ஒரு தேவைக்கு விடையாக்கும்போது பிள்ளையும் காணாமற்போகிறது, தேவையும் தீர்வதில்லை.

ஏன் தத்தெடுக்கலாகாது என்று எங்களைக் கேட்பவர்களுக்கும் இதுவே எங்கள் மறுமொழி. தத்தெடுத்தல் உயர்ந்தது, பெற்றோர் தேவைப்படும் ஒரு பிள்ளைக்காகச் செய்யப்படும்போது அது உயர்ந்தது. பெற்றோரின் புண்ணுக்கு மருந்தாகப் பிள்ளையைக் கொண்டுவருவது வேறு. இந்நாட்டில் கிறிஸ்தவர்க்கு அவ்வழி நெடுங்காலம் சட்டத்தால் குறுகியிருந்தது. 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் நமக்கு உரியதன்று. பெரும்பாலும் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் காப்பாளராக மட்டுமே இருக்க முடிந்தது. 2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் 2006-இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் எல்லாச் சமயத்தாருக்கும் கதவைத் திறந்தன. 2015-ஆம் ஆண்டின் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. அக்கதவின் வழியே பிள்ளைகளை ஏற்ற நண்பர்களின் இல்லங்களில், பிள்ளை பிள்ளையாகவே வளர்வதைக் கண்டு மகிழ்கிறோம். எங்கள் வாழ்வில் அது அமையவில்லை.

பிறப்பித்தலும் வளர்த்தலும் ஒன்றல்ல என்பதை இம்மண் முன்பே அறிந்திருந்தது. காவிரி வெள்ளத்தால் தாய் வந்துசேர முடியாதபோது, பேறுகாலத்தில் தவித்த இரத்தினாவதிக்கு இறைவனே தாய் வடிவில் வந்து உதவினார் என்னும் மரபுக் கதையால் மலைக்கோட்டை இறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். நம் மரபில் அதற்கு இணையாக நிற்பவர் புனித யோசேப்பு. வீரமாமுனிவர் 1726-இல் தேம்பாவணியை நிறைவுசெய்தபோது, அவருக்கு 'வளன்' என்று தமிழ்ப்பெயர் சூட்டினார். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயருக்குப் பெருகுதல், சேர்த்தல் என்று பொருள். பிள்ளையின்றி நெடுங்காலம் வாடிய ராகேல் தன் மகனுக்கு முதலில் இட்ட பெயர் அது. யாரையும் பிறப்பிக்காத ஒரு தச்சருக்குப் பெருக்கம் என்று பெயர். அவரைக் காப்பியத் தலைவராக்கி 3615 பாடல்கள் பாடியவர் ஒரு துறவி. பெருக்கத்தை வேறுவிதமாக எண்ணிப் பார்க்க நமக்குக் கற்பித்தவர்கள் இவர்கள்.

மூன்றாம் வழியும் அதன் பொய்யும்

இருவர் வாதத்தையும் கேட்ட நண்பர் ஒருவர் ஒரு மூன்றாம் வழி சொன்னார். கனி அவள் கைக்கு வரட்டும். ஊர்க் குழந்தைகளின் பெயர்களை மீட்பதற்காக அவள் அதை மனமுவந்து துறந்துவிடட்டும். படிப்பவர் கண்கலங்குவர், அவளும் புனிதையாவாள்.

இருவரும் சேர்ந்தே இதை மறுத்தோம். பிள்ளையின்மையை நாங்கள் துறக்கவில்லை, தேர்ந்தெடுக்கவுமில்லை, அது நேர்ந்தது. நேர்ந்த துன்பத்தை ஏற்ற தியாகமாக மாற்றிச் சொல்வது அழகாயிருக்கலாம், உண்மையாகாது. பிள்ளையில்லாப் பெண் பழைய கதைகளில் சூனியக்காரியாக வருகிறாள். புதிய கதைகளில் தியாகியாக வரலாம். இரண்டிலும் அவள் சாதாரண மனுஷியாக இருக்க இடமில்லை. எல்கானா தன் மனைவி அன்னாவிடம், பத்துப் புதல்வர்களைவிட நான் உனக்கு மேலானவன் அல்லனோ என்று கேட்டான். அன்பின் கேள்விதான் அது. அன்னா அதற்கு விடை சொன்னதாக விவிலியம் எழுதவில்லை. எழுந்து போய் ஆண்டவர்முன் அழுதாள். அழகான சொல்லால் நிரப்ப முடியாத வெற்றிடம் ஒன்று உண்டு என்பதை அந்த மௌனம் ஒப்புக்கொள்கிறது.

முடிவு எழுதுவதன் கடுமையைத் தமிழ் நாவல் உலகமும் அறியும். திருச்செங்கோட்டுப் பகுதியின் பிள்ளையில்லாத் தம்பதியர் காளி, பொன்னா பற்றிப் பெருமாள்முருகன் 2010-இல் 'மாதொருபாகன்' எழுதினார். அதன் தொடர்ச்சியாக 2014-இல் இரு நாவல்களை வெளியிட்டார். ஒன்றில் காளி இறந்துபோகிறான், மற்றொன்றில் உயிரோடிருக்கிறான். ஒரே துயருக்கு இரு முடிவுகள் எழுத வேண்டியிருந்தது. அந்நூலைச் சுற்றி எழுந்த எதிர்ப்பால் 2015 சனவரியில் அவர் எழுத்தையே விட்டுவிடுவதாக அறிவித்ததும், 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு அவரை எழுதச் சொன்னதும் நாம் அறிந்தவையே. அது பெரியவர்களுக்கான நூல், எங்களுடையது இளையோர்க்கானது. ஆயினும் பிள்ளையின்மையை ஊர் எப்படி நடத்துகிறது என்று எழுதத் தொடங்கினால், ஊரைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கும் என்பதை அதனின்று கற்றோம்.

பிள்ளைகளினும் மேலான பெயர்

கணவரின் முதல் வாதத்துக்கு இன்னும் விடை வரவில்லை. கடவுளின் கதையில் எல்லாருக்கும் பிள்ளை கிடைக்கிறதே?

தேடிப் பார்த்தோம். சாகும்வரை பிள்ளையின்றி இருந்ததாகச் சாமுவேல் இரண்டாம் நூல் மீக்காலைச் சொல்கிறது. ஆனால் அங்கே அது தாவீதை இகழ்ந்ததன் பின்விளைவுபோல் ஒலிக்கிறது. பிறகு எசாயா நூலின் 56-ஆம் அதிகாரத்துக்கு வந்தோம். அண்ணகர்களைப் பற்றி அங்கே பேசப்படுகிறது. மோசேயின் சட்டப்படி சபைக்குள் இடம் மறுக்கப்பட்டவர்கள் அவர்கள். தன்னைப் பட்டமரம் என்று எந்த அண்ணகனும் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்கிறார் ஆண்டவர். தம் இல்லத்தில், தம் மதில்களுக்குள், புதல்வர் புதல்வியரைவிட மேலான ஒரு பெயரை, என்றும் அழியாத பெயரை அவர்களுக்குத் தருவதாக வாக்களிக்கிறார்.

இங்கே பிள்ளை பிறக்கவில்லை. பிறக்கும் என்ற வாக்கும் இல்லை. இழப்பை இழப்பென்றே விட்டுவிட்டு, அந்த இழப்போடு சேர்ந்து பறிபோன ஒன்றைக் கடவுள் திருப்பித் தருகிறார். பறிபோனது பெயர், மதிலுக்குள் உரிய இடம். எருசலேமில் யூதர் படுகொலையின் நினைவகத்துக்கு 'யாத் வாஷெம்' என்னும் பெயர் இவ்வசனத்திலிருந்தே எடுக்கப்பட்டது. பெயர் சொல்ல ஒரு பிள்ளைகூட எஞ்சாமல் அழிந்தவர்களின் பெயர்களை அங்கே காத்துவைக்கிறார்கள். திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அண்ணகர் தேரில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்ததும் இதே எசாயா நூலைத்தான். பிலிப்பு அவரிடம் வந்தபோது அவர் இருந்தது 53-ஆம் அதிகாரத்தில். இன்னும் சில பத்திகள் படித்தால் தம்மைப் பற்றிய வாக்குறுதியை அடைந்திருப்பார். அதற்குள்ளேயே அவருக்குத் திருமுழுக்குக் கிடைத்துவிட்டது.

எங்கள் இறுதி அதிகாரம் இவ்வாறு அமைந்தது. மாமரத்தில் கனி இல்லை. அது காய்க்கும் பருவம் அன்று. யார் செய்த குற்றமும் அன்று. அப்பெண் நெடுநேரம் அழுகிறாள். சிறுமி அவள் அருகில் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருக்கிறாள். பிறகு இருவரும் அம்மரத்தின் நிழலிலேயே சல்லடையை விரித்து மண்ணைச் சலிக்கிறார்கள். குழந்தைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்கின்றன. கடைசிச் சலிப்பில், பல ஆண்டுகளாக யாரும் அழைக்காத ஒரு பெயர் சல்லடையில் தங்குகிறது. சிறுமி அதை உரக்கப் படிக்கிறாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கிறாள்.

கணவர் இதை ஏற்றாரா என்று கேட்பீர்கள். முழுதும் ஏற்கவில்லை. அடுத்த பருவத்தில் அம்மரம் காய்க்குமா என்று ஒரு வரியாவது இருக்க வேண்டும் என்றார். மரம் நிற்கிறது என்ற அளவில் மனைவி இசைந்தார். நம்பிக்கையை வெட்டவும் இல்லை, அதைக் காட்டி ஏமாற்றவும் இல்லை. மரத்தை நிற்க விட்டோம்.

நூல் முடிந்ததும், இதுதான் இனி உங்கள் பிள்ளை என்று அன்போடு சொல்வார்கள். அவ்வன்பை மதிக்கிறோம், அச்சொல்லை ஏற்கமாட்டோம். நூலுக்கு நள்ளிரவில் காய்ச்சல் வராது. அது எங்களை எதிர்த்துப் பேசாது. முதுமையில் எங்கள் கையைப் பிடிக்காது. பிள்ளையின் இடத்தில் நூலை வைத்தால் பிள்ளைக்கும் இழிவு, நூலுக்கும் இழிவு.

கதை எழுதுபவர் தம் கையில் இல்லாததைக் கொடுப்பதாகச் சொல்லலாகாது. பிள்ளையைக் கொடுக்கும் ஆற்றல் எங்கள் கையில் இல்லை. வாசகர்களாகிய உங்கள் கையிலும் இல்லை. பெயர் சொல்லி அழைக்கும் ஆற்றல் நம் எல்லாரிடமும் உண்டு. உங்கள் அன்பியக் கூட்டத்தில் யாருடைய அம்மாவாகவும் அறியப்படாத ஒரு பெண் இருப்பார். அடுத்த முறை செபம் முடிந்து தேநீர் தரும்போது, 'ஏதாவது விசேஷம் உண்டா?' என்னும் கேள்வியை விட்டுவிட்டு, திருமுழுக்கின்போது அவருக்குச் சூட்டப்பட்ட பெயரைச் சொல்லி அழைத்துப் பாருங்கள்.